இடப்பக்கம் திரும்பி பிரேக் அடித்தால் மட்டும்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "மச்சான், உன் வண்டி மாடலே ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது, நல்ல விலை. வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் முக்கால் மணி நேரம் என் வண்டியின் வலது முன் சக்கரத்தில் வந்த ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசினேன். நடுவில் அவன் போனை மேசையில் வைத்துவிட்டு சாப்பிடப் போய்விட்டான் என்று சந்தேகம். அவன் கேட்காமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் பெயர் வேண்டாம். சென்னையில் எந்த சிக்னலில் நின்றாலும் பக்கத்தில் இன்னொன்று நிற்கும், அந்த மாதிரி வண்டி. 2017ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மே மாத மதியம் ஓ.எம்.ஆர். சிக்னலில் மாட்டினாலும் ஏசி கைவிடாது. நடுவழியில் நிறுத்தியதே இல்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

சத்தத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் ஆரம்பித்தது. இடப்பக்கம் வளையும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் 'கர்ர்ர்' என்று தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். நேர்சாலையில் பிரேக் அடித்தால் இல்லை. வலப்பக்கம் திரும்பினால் இல்லை. இடப்பக்கம் திரும்பி பிரேக் தொடாமல் போனாலும் இல்லை. இரண்டும் சேர வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையத்தில் முக்கால் வட்டம் இடப்பக்கமாகவே சுற்றி இறங்குவோமே, அங்கே நாற்பதில் போய் பெடலைத் தொட்டால் போதும், கச்சேரி.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "சத்தமே வரலையே சார்" என்றார்கள். எங்கே ஓட்டினீர்கள் என்றேன். வாசலில் இருக்கும் சர்வீஸ் ரோட்டிலாம். அம்பு மாதிரி நேரான ரோடு அது. வளைவில் வருகிற சத்தம் என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்! கடைசியில் பிரேக் பேட் மாற்றி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை (பேட் பிடித்து நிறுத்துவது இதைத்தான்) லேத்தில் தேய்த்துக் கொடுத்தார்கள். ரூ. 4,600. நியாயமாகச் சொன்னால் பேட் தேய்ந்துதான் இருந்தது, என்றைக்கானாலும் மாற்ற வேண்டியதுதான். சத்தம் மூன்று நாளில் திரும்பி வந்தது. பில்லை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், கோபம் ஆறாமல் இருக்க.

அடுத்தது நானே செய்த தப்பு. இடப்பக்கம் திரும்பும்போது வருகிறது, அப்படியானால் இடது சக்கரம் என்று முடிவு கட்டினேன். அபார்ட்மென்டில் ஒருவர், இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் என்றார். அது போனால் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்று அடிக்கும், பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர், போச்சு என்று இடது பக்கத்து ஆர்மையே மாற்றினார்கள். புஷ் போயிருந்தால் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரே ஒரு அடி கேட்கும். என்னுடையது உரசல். இந்த வித்தியாசம் இப்போது தெரிகிறது. அப்போது ரூ. 3,200 கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் பிடித்தவர் மடிப்பாக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக். அவர் வண்டியைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டார். "வளைவு முடிஞ்சதும் மொத மிதியில பெடல் கொஞ்சம் ஆழமாப் போவுதா சார்?" போய்க்கொண்டுதான் இருந்தது. என் காலில்தான் ஏதோ கோளாறு என்று விட்டிருந்தேன்.

"அப்ப வலது பக்கம்" என்றார். இடப்பக்கம்தானே திரும்புகிறோம் என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா, டிரைவர் இடப்பக்கம் ஒடித்தால் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். வலப்பக்கம். வண்டியின் பாரமும் அப்படித்தான் வலது சக்கரங்கள் மேல் சாயும். பிரேக் போட்டால் முன்பக்கமும் சாயும். இரண்டும் சேர்ந்து விழுகிற ஒரே இடம் வலது முன் சக்கரம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். லேசான 'டிக்'. அப்புறம் என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இப்போது ஆட்டம் இல்லை. காலை எடுத்தேன், ஆட்டம் வந்தது. இந்தப் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். பிரேக் பிடித்தால் பேட் டிஸ்க்கை இறுக்கிக்கொள்ளும், சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் அசைய வழியில்லை. அப்போது ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில், அதாவது சக்கரம் சுழல உதவும் குண்டு வளையத்தில். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் மாதிரி சஸ்பென்ஷன் பக்கம் பார்க்க வேண்டும். பேரிங் தளர்ந்ததால் வளைவில் டிஸ்க் சாய்ந்து, பேடைப் பின்னால் தள்ளியிருக்கிறது, பெடல் ஆழமாகப் போனது அதனால்தான். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டின் ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு பளபளப்பு. உரசிய தடம். பேட் மாற்றியவர்கள் கண் எதிரேதான் அது இருந்திருக்கும்.

பேரிங் ரூ. 1,900. லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற, கூலியோடு ரூ. 900. ஏற்றும் முன் அவர் ஒரு குண்டூசியை எடுத்துப் பேரிங்கின் இரண்டு முகத்திலும் வைத்துப் பார்த்தார். ஒரு முகத்தில் ஒட்டியது. அந்தக் காந்த முகம், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும், மாற்றிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்தக் குண்டூசிக்காகவே அவரிடம் ஆயுசுக்கும் போகலாம்.

பழைய பேரிங்கின் உள்ளே கிரீஸ் காபித்தூள் நிறத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வண்டி வேளச்சேரியில் இரண்டு நாள் பாதிச் சக்கரம் தண்ணீரில் நின்றது. அப்போது ஆயில், கார்பெட் எல்லாம் மாற்றினார்கள். பேரிங்கை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் செய்யவும் முடியாது, இடது பேரிங்கும் அதே தண்ணீரில்தான் நின்றது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிய சாலைகளில் ஏறி இறங்கியதற்கும் பங்கு இருக்கலாம். பழுது பார்த்த அதே 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததும், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று.

சத்தம் அன்றோடு போயிற்று. இப்போதும் கத்திப்பாராவில் இறங்கும்போது தேவையே இல்லாமல் பெடலைத் தொட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் கேட்காது, அப்படி ஒரு சுகம்.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். காரணம் கேட்டான். எந்த வண்டியிலும் போகக்கூடிய பேரிங்தான், வண்டி மேல் குற்றமில்லை. இருந்தாலும் நான்கு மாதம் இதோடு பட்டதை நினைத்தால் வாய் அப்படித்தான் வருகிறது. "அப்ப உன்னுதையாவது எனக்குக் குடுத்துடு" என்றான். அதற்கும் மாட்டேன் என்றேன். இடது பக்கத்துப் பேரிங்கையும் வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.