பேரைப் பார்த்து மார்க் போடக்கூடாது: 2024-25 என்பிஏ ஸ்டார்ட்டிங் ஃபைவ் விமர்சனம்

என்பிஏவில் (அமெரிக்க கூடைப்பந்து லீக்) எந்த டீமின் முதல் ஐந்து பேர் டாப் என்று கேட்டால் ஆளாளுக்குப் பேர்ப் பட்டியலை நீட்டுவார்கள், ஆல்ஸ்டார் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்று. 2024-25 சீசனை ஃபைனல்ஸ் வரை பார்த்துவிட்டு நான் மார்க் போடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: அந்த ஐந்து பேரில் எதிரணி யாரைக் குறிவைக்கும்? ஏழு மேட்ச் சீரிஸில் எதிர் கோச்சுக்கு அந்த ஒரு ஆளைக் கண்டுபிடித்து அங்கேயே அடித்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

முதலில் நியூயார்க் நிக்ஸ், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் அதிகம். ஜேலன் பிரன்சன், மிக்கல் பிரிட்ஜஸ், ஜோஷ் ஹார்ட், ஓஜி அனுனோபி, கார்ல்-ஆந்தனி டவுன்ஸ். படிக்கும்போதே ஜம்மென்று இருக்கிறது. பிரிட்ஜஸை வாங்க மட்டும் புரூக்ளினுக்கு ஐந்து முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்தார்கள், லேசான விலை இல்லை. கோச் டாம் திபடோ இவர்களை ஓட விட்டே தேய்த்தார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக நிமிடம் சேர்ந்து ஆடிய ஐவர் இவர்கள்தான். ஆனால் பிரன்சனையும் டவுன்ஸையும் பிக் அண்ட் ரோலில் (பந்து வைத்திருப்பவருக்காக இன்னொருவர் தடுப்பாக நிற்கும் ஆட்டம்) இழுத்துவிட்டால் டிஃபென்ஸில் ஓட்டை விழுந்துவிடும், ஒருவருக்கு உயரம் போதாது, இன்னொருவருக்குக் கால் சட்டென்று நகராது. சரி, அடிப்பதிலாவது ஈடுகட்டுவார்கள் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு சிக்கல்: எதிரணிகள் தங்கள் சென்டரை (வளையத்தைக் காக்கும் நெட்டையரை) டவுன்ஸ் மேல் விடாமல் ஹார்ட் மேல் விட ஆரம்பித்தன. ஹார்ட் த்ரீ (தூரத்திலிருந்து மூன்று பாயின்ட் ஷாட்) போட்டால் போடட்டும் என்று அந்த சென்டர் வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார், டவுன்ஸை வேகமான ஒரு ஃபார்வர்டு பார்த்துக்கொள்வார், அதோடு பிரன்சன்-டவுன்ஸ் கூட்டணியின் பாதி பலம் காலி. கிழக்கு ஃபைனலில் இந்தியானாவிடம் சொந்த மைதானத்திலேயே இரண்டு மேட்ச் தோற்ற பிறகுதான் ஹார்ட்டை பெஞ்சுக்கு அனுப்பி மிட்செல் ராபின்சனை இறக்கினார்கள். மூன்றாவது மேட்சை ஜெயித்தார்கள், ஆனாலும் சீரிஸ் 4-2 என்று கைவிட்டுப் போனது, அப்புறம் திபடோ வேலையும் போனது. 10க்கு 6.5.

பாஸ்டன் செல்டிக்ஸ் விஷயம் வேறு. ஜூரூ ஹாலிடே, டெரிக் வைட், ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம், கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ். ஐந்து பேரும் த்ரீ போடுவார்கள், டிஃபென்ஸிலும் சுலபமான இரை என்று யாரையும் கைகாட்ட முடியாது. 2023-24ல் 64 மேட்ச் ஜெயித்து, ஃபைனலில் டல்லாஸை 4-1 என்று முடித்து 18வது பட்டத்தை எடுத்தார்கள். அடுத்த சீசனில் அதே ஐவர், ஆனால் போர்ஸிங்கிஸ் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பிளேஆஃபில் நிக்ஸுக்கு எதிரான முதல் மேட்சில் 60 த்ரீ முயன்று 45ஐ டீம் தவறவிட்டது (திட்டம் பலிக்காவிட்டாலும் அதையே விடாமல் செய்வது ஒரு வியாதி), நாலாவது மேட்சில் டேட்டமுக்கு அக்கிலிஸ் (குதிகால் தசைநார்) கிழிந்தது. சம்பள பில்லைத் தாங்க முடியாமல் 2025 கோடையில் ஹாலிடேவையும் போர்ஸிங்கிஸையும் வேறு டீம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 2024 மாடலுக்கு 9.5, 2025க்கு 7.

கிளீவ்லாண்டும் 64 ஜெயித்த டீம்தான், ஆனால் டேரியஸ் கார்லாண்ட், டோனவன் மிட்செல் என்று இரண்டு குட்டை கார்டுகளை (பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்கள்) ஒன்றாக வைத்துக்கொண்டு பிளேஆஃபில் தூரம் போவது கஷ்டம். காயங்களும் சேர்ந்துகொண்டன, உண்மைதான். 7.

2024-25 சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர்தான் என் முதல் இடம். ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், லூ டோர்ட், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன், ஐசயா ஹார்ட்டன்ஸ்டைன். 68 வெற்றி, மேட்சுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 13 பாயின்ட் வித்தியாசம், அது லீக் சரித்திரத்திலேயே அதிகம். ஷே மேட்சுக்கு 32.7 பாயின்ட் சராசரியோடு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்). ஃபவுல் வாங்கும் சாமர்த்தியம் சில சமயம் எரிச்சல் தந்தாலும் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. டோர்ட்டை 2019 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, இன்று அவர் மேல் மோதிவிட்டுப் பந்தோடு தாண்டிப் போவதே பெரும்பாடு. ஒரே குறை, ஹோம்கிரன், ஹார்ட்டன்ஸ்டைன் என்ற இரண்டு நெட்டையர்களைச் சேர்த்து ஆட வைப்பதா வேண்டாமா என்று கோச் மார்க் டேக்னால்டே குழம்பியது. இந்தியானாவுக்கு எதிரான ஃபைனலில் ஹார்ட்டன்ஸ்டைனை உட்கார வைத்து கேசன் வாலஸோடு ஆரம்பித்தார், 2-1 என்று பின்தங்கினார், நாலாவது மேட்சில் பழைய ஐவரையே திருப்பிக் கொண்டுவந்தார். நம் ஊரில் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தவர்களுக்கு அந்த முதல் மூன்று மேட்ச் நல்ல தலைவலி. 9.

கொடுத்த காசுக்கு மதிப்பு என்று பார்த்தால் இந்தியானா பேசர்ஸை மிஞ்ச ஆளில்லை. டைரீஸ் ஹாலிபர்ட்டன், ஆண்ட்ரூ நெம்ஹார்ட், ஆரன் நெஸ்மித், பாஸ்கல் சியாகம், மைல்ஸ் டர்னர். லக்சுரி டாக்ஸ் (சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரி) கட்டாத டீம், 50 வெற்றிதான், ஆனால் ஃபைனலை ஏழாவது மேட்ச் வரை இழுத்தார்கள். நெம்ஹார்ட் எதிரணி பந்தைக் கொண்டுவரும்போதே மறுமுனையில் ஒட்டிக்கொள்வார், டர்னர் த்ரீ கோட்டுக்கு வெளியே நின்று எதிரணி சென்டரை வளையத்திலிருந்து வெளியே இழுப்பார், இடையில் ஹாலிபர்ட்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் தட்டி விட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய அக்கிலிஸ் அந்த ஏழாவது மேட்சின் முதல் குவார்ட்டரில் போனது. அடுத்த சீசன் முழுக்க ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், டர்னரும் மில்வாக்கிக்குப் போய்விட்டார். 8.5. இந்த ஐவரைப் பார்க்காதவர்கள் பழைய வீடியோவில் கிழக்கு ஃபைனலில் நிக்ஸுக்கு எதிரான முதல் மேட்சின் நாலாவது குவார்ட்டரிலிருந்து ஆரம்பியுங்கள், மூன்று நிமிடம்கூட மிச்சமில்லாதபோது 14 பாயின்ட் பின்தங்கியிருப்பார்கள், அந்தக் குவார்ட்டரில் நெஸ்மித் ஒருவரே ஆறு த்ரீ போடுவார்.