விஎம்முக்கு எந்த நெட்வேர்க் கார்ட்? விர்ட்டியோவா, ஈ1000ஆ, நேட்டா, பிரிட்ஜா?

கல்லடியில் பொடியன்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், அதிகம் வருகிற கேள்வி "சேர், விஎம்முக்குள்ள நெட் ஏன் இப்படி இழுக்குது?" என்பதுதான். அநேகமாகக் குற்றம் இணைய இணைப்பில் இருக்காது, கேவிஎம்மில் (லினக்ஸிலேயே இருக்கும் விஎம் ஓட்டும் வசதி) விஎம்மை, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை, உருவாக்கும்போது யோசிக்காமல் விட்ட நெட்வேர்க் கார்டில்தான் இருக்கும்.

விஎம்முக்குள் தெரிகிற கார்ட் வேறு, அதன் வயர் வெளியே எங்கே செருகப்படுகிறது என்பது வேறு. இரண்டையும் குழப்பினால் எதை மாற்றினாலும் விடிவு வராது.

கார்டை எடுத்தால், ஆர்டிஎல்8139 என்பது 100 மெகாபிட் காலத்துப் பழசு, மிகப் பழைய ஓஎஸ் ஓட்டுபவர்களைத் தவிர யாருக்கும் வேண்டாம். ஈ1000 இன்டெல்லின் நிஜக் கார்ட் ஒன்றைப் போலவே நடிக்கும், அதனால் பெரும்பாலான ஓஎஸ் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்த நடிப்புக்கான வேலை முழுக்க ஹோஸ்டின், அதாவது விஎம்மை ஓட்டும் நிஜக் கணினியின், சீபியூ தலையில் விழும். விர்ட்டியோவில் நடிப்பே இல்லை: தான் விஎம்முக்குள் இருப்பது ட்ரைவருக்குத் தெரியும், நினைவகத்தில் ஒரு பொது வரிசையை வைத்து இரு பக்கமும் நெட்வேர்க் பொட்டலங்களைப் போட்டு எடுக்கின்றன, விஹோஸ்ட்-நெட் என்ற கேர்னல் பகுதியும் சேர்ந்தால் அந்த வேலையை ஹோஸ்ட் கேர்னலே பார்க்கும். லினக்ஸில் ட்ரைவர் கூடவே வருகிறது. வின்டோஸுக்கு மட்டும் ட்ரைவர் அடங்கிய விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓ வேண்டும், அந்தச் சின்னச் சிரமத்துக்காக ஈ1000இல் நின்றுவிடாதீர்கள்.

இனி வயர். விஎம் வெளியே போனால் போதும் என்றால் நேட் (விஎம் ஹோஸ்டின் ஐபிக்குப் பின்னால் நின்று வெளியே போகும் முறை), விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் வழக்கமாக 192.168.122 என்று தொடங்கும் ஐபி கிடைக்கும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்து மெஷினிலிருந்து விஎம்முக்குள் வர வேண்டுமென்றால் பிரிட்ஜ், அதாவது விஎம்மும் தனி மெஷின் போல அதே நெட்வேர்க்கில் நேராகச் சேரும். ஆனால் கேபிள் இருந்தால் மட்டும்! காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு தம்பி வீட்டு வைஃபையில் பிரிட்ஜ் போட இரண்டு இரவு பாடுபட்டான், தன்னிடம் பதியாத மேக் முகவரியிலிருந்து (நெட்வேர்க் கார்டின் அடையாள எண்) வரும் பொட்டலத்தை அக்சஸ் பொயின்ட் ஏற்காது, பிழை அவனுடையது அல்ல. வைஃபை லப்டொப் என்றால் நேட்டிலேயே இருந்து, தேவையான போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள். பிரிட்ஜ் போடாமல் விஎம்மை ஹோஸ்டின் கார்டிலேயே நேராக இணைக்கும் மேக்விடேப் சுலபம்தான், ஆனால் ஹோஸ்டும் விஎம்மும் ஒன்றோடொன்று பேசாது, அது எனக்குச் சரிவராது.

பிரிட்ஜில் இன்னொன்றையும் பாருங்கள். கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் புரோகிராமான க்யூஈஎம்யூவைக் கையால் தட்டி ஓட்டும்போது மேக் கொடுக்காவிட்டால் எல்லா விஎம்முக்கும் 52:54:00:12:34:56 தான். வகுப்பில் இரண்டு விஎம்மை ஒன்றாக ஏற்றியதும் பத்துப் பிங்கில் நாலு வரும், ஆறு காணாமல் போகும், அரை மணித்தியாலம் கேபிளையே மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசி 56ஐ 57 ஆக்கியதும் ஒரு பொட்டலம்கூடத் தவறவில்லை.