சுங்கை சிப்புட்டில் ஒரு குச்சி வேட்டை

மேல்கையில் தோலுக்கடியில் வைத்த கருத்தடைக் குச்சிக்கு 3 ஆண்டு முடிந்துவிட்டது. லண்டனில் எடுப்பது இலவசம்தான்; ஆனால் தேதி கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும். மலேசியாவில் இருக்கும் ஊருக்குத்தானே போகிறோம், அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று வந்தேன்.

கடைவரிசையில் ஒரு தனியார் கிளினிக். குளிர்சாதனம், மீன்தொட்டி, உட்காருமுன்பே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் கையைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. "உள்ளேதான் இருக்கும், எடுத்துவிடலாம்" என்று மரப்பு ஊசி போட்டுக் கீறினார். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் தேடுவதுபோல இடுக்கியால் துழாவினார், துழாவினார், துழாவிக்கொண்டே இருந்தார். கடைசியில் தையல் போட்டு, "வீக்கம் வற்றியதும் வாருங்கள்" என்றார். பில்லில் மட்டும் முழுத்தொகை. தட்டுப்படாத குச்சி என்றால் லண்டனில் கத்தியையே எடுக்கமாட்டார்கள், சிறப்பு மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

"காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தண்ணி மருந்து ஊற்றினாலும், தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் தெரியாத வேலையில் கை வைக்கமாட்டார்" என்று அம்மா முணுமுணுத்தார்.

மறுநாள் அரசாங்க கிளினிக். அதே பழைய நம்பர் சீட்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறிக்கு மட்டும் வயதாகியிருந்தது. எரிச்சலோடுதான் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், முழங்கையின் உட்புறத்திலிருந்து விரல்விரலாக அழுத்திக்கொண்டே மேலே வந்தார். காயக் கட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"தங்கச்சி, கைக்குத் தட்டுப்படாததை வெட்டித் தேடக் கூடாது. இந்தப் பக்கம் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்."

இப்போதைய குச்சியில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியுமாம். எவ்வளவு ஆழம் என்று ஸ்கேன் சொல்லிவிடுமாம். உள்ளே போய் டாக்டரிடம் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கி வந்தார். கத்தியைத் தொடாமலே அனுப்பினாரே, அதற்காகவே அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

ஈப்போவில் ஸ்கேன் பார்த்தபடியே எடுத்தார்கள். தோலுக்கு நேர் அடியில் இருக்க வேண்டியது தசையை ஒட்டிக் கிடந்திருக்கிறது, சுற்றிலும் தழும்புச் சதை. துணியில் கிடத்தி அளவுகோலை வைத்தார்கள்: 4 செ.மீ., உடையாமல் முழுதாக வந்திருந்தது.

பழைய தையலையும் மிஸ்ஸிதான் பிரித்துவிட்டார். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). தனியார் கிளினிக்கைக் கேட்டதற்கு, தையல் பிரிக்கத் தனிக் கட்டணம் என்றார்கள்.