ஹார்மோன் ஊசி தொடங்கப் போகும் திருநம்பிகளே, 46,000 ரூபாய் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மதுரையில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடக்கும் முடி, தோல் அழகு கிளினிக் ஒன்று என்னிடம் 46,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்ன மருந்து என்றே சொல்லாமல் மாதக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறது. இன்று காலை பணத்தைக் கேட்கப் போனவனை வாசலோடு துரத்திவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இப்போதைக்குப் பெயரைப் போடவில்லை.

நான் திருநம்பி; பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அந்த 46,000 சீட்டு எடுத்த பணம். கைப்பேசியில் வந்த விளம்பரத்தில், "திருநம்பிகளுக்கு ஹார்மோன் சிகிச்சை, ரத்தப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம்" என்று இருந்தது. போனேன். வரவேற்பில் இருந்த அம்மா என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் இருப்பது பழைய பெயர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "உட்காருங்கள் தம்பி, டாக்டர் கூப்பிடுவார்" என்றார். வங்கியிலும் ரேஷன் கடையிலும் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் பழகிப்போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில்கூட என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

டாக்டர் என்று உட்கார்ந்திருந்தவரும் வாய்க்கு வாய் தம்பி என்றார். ஆறே மாதத்தில் தாடி வந்துவிடும், அளவைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் சீக்கிரம் என்றார். ரத்தம் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "சின்ன வயது, நன்றாகத்தானே இருக்கிறீர்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்." பின்னால் குழந்தை வேண்டும் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் இப்போது எதற்குத் தம்பி?" மனநல ஆலோசனை என்பது ஒரு படிவத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமே ஹார்மோன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்கிறது. அன்றே முழுத்தொகையும் கட்டினால் 4,000 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 50,000 போய் 46,000 ஆனது. கட்டினேன்.

ஊசி போடும் பெண் மருந்துக் குப்பியைப் பஞ்சோடு சேர்த்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டுதான் அதன் கழுத்தை உடைப்பார். மஞ்சளாக, எண்ணெய் மாதிரி, சிரிஞ்சில் மெல்ல ஏறும். ஒருமுறை அவர் கை விலகியபோது பார்த்துவிட்டேன். குப்பிமேல் இருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்; பசை மட்டும் வெள்ளைத் திட்டாக ஒட்டியிருந்தது. பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. கேட்டதற்கு, "வெளிநாட்டு மருந்து, இப்படித்தான் வரும்" என்றார்.

குரல் உடைந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் கூடவே விடாத தலைவலி, சிவந்து எரியும் முகம். "மருந்து வேலை செய்கிறது" என்று கிளினிக்கில் சொன்னார்கள். கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே திருநர்களுக்கென்றே ஒரு சிறப்பு கிளினிக் நடக்கிறது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்கு ஒருமுறை? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 57 சதவீதம். திருநம்பிகளுக்குப் போடும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்குமாம். இந்த எண் 54-ஐத் தாண்டினால் மருந்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதைக் கண்காணிக்கத்தான் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. என் 46,000 ரூபாயில் அந்தப் பரிசோதனையும் அடக்கம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்!

அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னதை எல்லாம் முதல் ஊசிக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். உடைந்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. தாடி முழுதாக நிரம்ப நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அளவைக் கூட்டினால் சீக்கிரம் வராது, மிஞ்சியதில் ஒரு பங்கை உடம்பு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். மாதவிடாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும், ஆனால் அதை நம்பிக் கருத்தரிக்காது என்று இருந்துவிடக் கூடாது. கருமுட்டையைச் சேமித்து வைப்பதா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே யோசிப்பது நல்லது. இந்த ஊசி மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்தான் என்றும் சொன்னார். இப்போது எனக்கு ஊசி நிறுத்தப்பட்டிருக்கிறது. ரத்தம் சீரான பிறகு சரியான அளவில் தொடங்கலாம் என்றிருக்கிறார். இத்தனை வருடம் ஏங்கித் தொடங்கியது பாதியில் நிற்கிறது.

பணத்தைக் கேட்டால் முதலில் டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு மேலாளரிடம் பேசச் சொன்னார்கள். அவர் எண் அடித்துக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் செய்தியைப் படித்ததற்கு நீலக் குறி விழும், பதில் வராது. இன்று நேரில் பிடித்தேன். பில்லை நீட்டினேன். வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "முடி உதிர்வு சிகிச்சை, ஆறு அமர்வு, 46,000." பிறகு, "இதில் ஹார்மோன் என்று எங்கே இருக்கிறது? இங்கே பாரும்மா, சத்தம் போட்டால் போலீஸைக் கூப்பிடுவோம். உன் வீட்டுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். முதல் நாள் என்னைத் தம்பி என்ற அந்த அம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், முடியவில்லை. ரத்தம் எடுக்காமல் ஊசி போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குப்பியைக் கையில் வாங்கி, பெயரையும் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு தராத இடத்தில் உட்காராதீர்கள். மொத்தப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லை வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வேறு ஏதாவது எழுதியிருந்தால் மாற்றித் தரும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.