ஒரு மண்குதிரை, இரண்டு தோல்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளில் ஒன்றை முப்பரிமாண மாடலாகச் செய்து வைத்திருக்கிறேன். வடிவம் ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு தோல், அதாவது வடிவத்தின் மேல் போர்த்தும் நிறப்படம் (டெக்ஸ்ச்சர்) இரண்டு. ஒன்று, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உட்கார்ந்து சுடுமண், சுண்ணாம்பு, பாசி, அழுக்கு என்று அடுக்கடுக்காக நானே பூசிய டெக்ஸ்ச்சர். இன்னொன்று, குதிரையைச் சுற்றிச் சுற்றி எடுத்த 420 போட்டோக்களை மென்பொருள் தைத்து ஒட்டிக்கொடுத்தது. எதைச் செய்யலாம் என்று கேட்டால், போட்டோ என்றுதான் சொல்வேன்.

செலவைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. பிளெண்டரும் இலவசம், போட்டோக்களிலிருந்து மாடல் எடுக்கும் மெஷ்ரூமும் இலவசம். மெஷ்ரூமை முழுசாகப் பயன்படுத்த என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான். கையால் பூச எனக்கு மூன்று வாரச் சாயங்காலங்கள் போயின. போட்டோவுக்கு அரை நாள், அப்புறம் கம்ப்யூட்டர் ஓர் இரவு முழுக்க ஓடியது.

உண்மையில் நான் முதலில் போனதும் போட்டோவுக்குத்தான். காலை பத்து மணி, சித்திரை வெயில். வடிவம் அருமையாக வந்தது, தோல் நாசமாகிவிட்டது. அன்றைய வெயிலும் நிழலும் நிறத்தோடு சேர்ந்து அப்படியே படிந்துவிட்டன. மாடலுக்குள் விளக்கை இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் வயிற்றுக்கடியில் அதே கறுப்பு. மூக்குக்கு இரண்டு நிழல். பக்கத்து ஆலமரத்து இலை வழியாக விழுந்த வெயில் பொட்டுகள் வேறு, குதிரைக்கு அம்மை போட்டதுபோல். அந்த எரிச்சலில்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நானே பூச உட்கார்ந்தேன். அழகாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதைக் குதிரை செய்யும் வேளார் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக் காட்டினேன். “பளிச்சுன்னு இருக்கு தம்பி” என்றார். மாடலை இரண்டு சுற்று சுற்றவிட்டுப் பார்த்தார். “ஆமா, இந்தத் தோள்ல சுண்ணாம்பு எப்படி வந்துச்சு? நாங்க பூசுனது அந்தப் பக்கமாச்சே.”

அவர் காட்டிய தோள் வெறுமையாகத் தெரிந்ததால் நான்தான் அங்கே கொஞ்சம் தீட்டியிருந்தேன். என்ன பதில் சொல்ல?

எனக்கு முடிவைச் சொன்னது அந்தக் கேள்விதான். புரவி எடுப்புத் திருவிழாவுக்காக வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்து, குதிரையைச் செய்து, சூளையில் சுட்டு, தூக்கிக்கொண்டு வந்து நிறுத்திய பிறகு பழைய குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அது உடைந்து மண்ணோடு போகட்டும் என்று விடுவதுதான் வழக்கம். கல் சிற்பம் நாளைக்கும் இருக்கும், தப்பு செய்தால் போய்ப் பார்த்துத் திருத்தலாம். மண்குதிரைக்கு அந்த வசதி இல்லை. இன்ன தேதியில் அதன் மேல் என்ன இருந்தது என்பதற்கு இந்தத் தோல்தான் சாட்சி. கையால் பூசினால் எது குதிரையுடையது, எது என்னுடையது என்று ஆறு மாதம் கழித்து எனக்கே தெரியாது.

ஐப்பசியில் மேகம் மூட்டமாக இருந்த ஒரு காலையில் மறுபடி போனேன். இடையிடையே வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் இரண்டு பையன்கள் எட்டு முழ வேட்டியை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். வெள்ளை வேட்டி என்றால் நிறமும் கெடாது. வெளிச்ச அளவும் நிறமும் படத்துக்குப் படம் மாறாதபடி கேமராவில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டி, நிறம் சரிபார்க்கும் அட்டையை வைத்து ஒரு படம், அப்புறம் ஒவ்வொரு படமும் முந்தின படத்தோடு முக்கால் பங்கு மேற்படியும்படி கீழே ஒரு சுற்று, நடுவே ஒரு சுற்று, ஸ்டூல் மேல் ஏறி ஒரு சுற்று. 8192 புள்ளிக்கு 8192 புள்ளி டெக்ஸ்ச்சர். ஐந்தடிக் குதிரையின் மேற்பரப்பு சுமார் ஐந்து சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வருகிறது.

இதையும் அதே பெரியவரிடம் காட்டினேன். கழுத்து மணிக்கு மேலே, பிடரி உடம்போடு சேரும் இடத்தைப் பெரிதாக்கினோம். நீல இனாமல் உரிந்த இடத்தில் பழைய சுண்ணாம்பு, அதற்கும் கீழே மண். அந்த மண்ணில் ஒட்டுப் போட அழுத்திய விரல் தடம் வரிசையாக. ஃபைலின் எடையைக் குறைக்க மெஷ்ஷை, அதாவது வடிவத்தின் வலைப்பின்னலை, சுருக்கியபோது வடிவத்திலிருந்து அந்தக் குழிகள் போய்விட்டன, தோலில் இருந்தன. “இது எங்க ஐயா கை” என்றார். “அவருக்குக் கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கும்.” அதற்கப்புறம் லேப்டாப்பைத் திருப்பித் தர அவருக்கு மனசில்லை.

கல்லுக்கும் இதைத்தான் சொல்வேன். சமணர் மலைப் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து இருக்கிறது. ரெடிமேடாகக் கிடைக்கும் கருங்கல் டெக்ஸ்ச்சரைப் போர்த்தினால் பாறையின் புள்ளிகள் எழுத்தை விழுங்கிவிடும்.

கையால் பூசுவது எங்கே ஜெயிக்கிறது என்றால், மினுமினுப்பில். போட்டோ நிறத்தைத் தருகிறது. இனாமல் பளபளப்பதும் மண் வறண்டு கிடப்பதும் தனியாகப் பிரிந்து வருவதில்லை, பளபளப்பு வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. ஃபிளாஷின் மேல் போலரைசிங் ஃபிலிமும் லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசிங் ஃபில்டரும் போட்டால் அந்தத் திட்டு போகும். குதிரைத் தலையில் மட்டும் ஒரே ஒரு சாயங்காலம் செய்து பார்த்தேன், போனது. முழுக் குதிரைக்குச் செய்ததில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். நிறத்தைப் போட்டோவிலிருந்து எடுத்துக்கொண்டு எந்த இடம் பளபளக்கும், எது மங்கும் என்று சொல்லும் சொரசொரப்பு அடுக்கை மட்டும் நானே பூசியிருக்கிறேன். அதைத் தனி ஃபைலாக, என் பேர் போட்டு.

திருமலை நாயக்கர் மகால் தூண்கள் மாதிரி ஒன்றுபோலவே நிற்கும் சுதைப் பரப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் காட்ட வேண்டும் என்றால் திரும்பத் திரும்ப ஒட்டும் டெக்ஸ்ச்சரே போதும், போட்டோ வீண் வேலை. போட்டோக்களிலிருந்து காட்சியை மெல்லிய வண்ணப் பொட்டுகளாகக் கட்டும் முறை ஒன்று, 2023-க்குப் பிறகு எல்லோரும் பேசும் காஸியன் ஸ்பிளாட்டிங். அதில் ஆலமரமும் சேர்ந்து அசலாகத் தெரிகிறது. ஆனால் தோலை மட்டும் தனியாக உரித்தெடுக்க முடியவில்லை. நான் விளையாடிப் பார்த்தது இரண்டு தடவைதான்.

ரா ஃபைல்களை, அதாவது கேமரா தரும் பதப்படுத்தாத மூலப் படங்களை, எறியாதீர்கள். எனக்கு ஏறக்குறைய 10 ஜிபி, இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. போன கார்த்திகை மழையில் குதிரையின் இடது காது விழுந்துவிட்டது. மென்பொருளின் புதுப் பதிப்பில் அதே படங்களை மறுபடி ஓட்டியபோது காது முன்பைவிடத் தெளிவாக வந்தது. நான் கையால் பூசிய காதில் நான் பூசியது மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த புரவி எடுப்புக்குப் பிடிமண் கொடுத்தாயிற்று. புதுக் குதிரையைச் சூளையிலிருந்து எடுத்ததும் ஒரு தடவை, வண்ணம் அடித்ததும் ஒரு தடவை எடுக்கப்போகிறேன். வேட்டி பிடித்த பையன்களில் ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆள் தேட வேண்டும்.