மணமாகாத துணை இறந்தால்: பிரிட்டனா, அயர்லாந்தா?
மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்து, துணையை இழந்து, பிள்ளைகளோடு தனியே நிற்பவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்க இரு நாடுகளிலும் வழக்காடித்தான் வழி பிறந்தது.

பிரிட்டனில் ஷிவான் மெக்லாக்லின் 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். நான்கு பிள்ளைகளின் தாய். ஆனாலும் சட்டம் மாற 2023 பிப்ரவரி ஆனது. இப்போது முதலில் 3,500 பவுண்டு, பிறகு மாதம் 350 வீதம் அதிகபட்சம் 18 மாதம். துணை இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். தாமதித்தால் மாதத்தொகை குறையும். பிள்ளையில்லாத மணமாகாத இணையருக்கு எதுவுமில்லை. இது அநியாயம்.

அயர்லாந்தில் ஜான் ஓமாரா 2024இல் வென்றார்; அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. பிள்ளை இருந்தால் 2 ஆண்டு, இல்லாவிட்டால் 5 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கிடைப்பது வாராந்திர ஓய்வூதியம், 18 மாதத்தில் நிற்காது. பிள்ளை வளர்ப்பவருக்கு இதுவே மேல்.