தலைவரை இறக்க வழி இருக்கிறதா? டெபியன், பைத்தான், ஐஇடிஎஃப்

பினாங்கில் நம்மவர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், போட்டியில்லை, கைதட்டல், அப்புறம் மீ கோரேங். 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போய்விடும். தலைவர் சரியில்லை என்றால் மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. கணினிக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்தாலும் கதை இதேதான். அதனால் உலகெங்கும் உள்ளவர்கள் கூடி நடத்தும் நான்கு கணினிக் குழுக்களைப் பற்றிய இந்த அலசலில் நான் முதலில் பார்ப்பது, வேண்டாதவரை இறக்க வழி உண்டா என்பதை.

லினக்ஸ் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலை எழுதுகிறவர்களிடம் தேர்தலே கிடையாது. 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்வதுதான் இன்றும் கடைசி வார்த்தை. 2018இல் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கினார், திரும்பி வந்தார். பிடிக்காதவர் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கடை போடலாம், அவ்வளவுதான். அவர் அளவுக்கு ஆள் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் தொல்லை.

லினக்ஸை வைத்து முழு இயங்குதளம் கட்டும் டெபியனில் தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டும். வாக்குச்சீட்டில் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்பதும் ஒரு வேட்பாளர் மாதிரியே நிற்கும். அதனிடம் தோற்றவர் தலைவராக முடியாது. ஆண்டு நடுவிலும் உறுப்பினர்கள் வாக்களித்து இறக்கலாம். 2006இல் அப்படி ஒரு முயற்சி வந்து தோற்றது. தோற்றாலும், கேள்வி வாக்கெடுப்பு வரை போனது பெரிய விஷயம். குறையும் உண்டு: 2019இல் காலக்கெடு முடிந்தபோது ஒருவர்கூட மனு கொடுக்கவில்லை, நீட்டிக்க வேண்டியதாயிற்று.

பைத்தான் என்ற நிரல்மொழியின் குழு பட்டுத் தெரிந்துகொண்டது. 2018இல் ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்கு எழுந்த சண்டையில் அலுத்துப்போன, அந்த மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம், வாரிசைக் காட்டாமலே விலகினார். 2019 முதல் தலைமைக்கு ஐவர் குழு. பைத்தானை எழுதும் முதன்மை நிரலாளர்களில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் ஒருவரையோ குழுவையே மொத்தமாகவோ இறக்கலாம். நம்மூரில் ஆளை ஏற்றிவைக்கும் அதே இரண்டு சொற்கள்!

ஆனால் பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொரு விதி. ஐவரில் இருவருக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யக்கூடாது. 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேட்டையாக வளர்ந்த ஊர் இது. தலைவர் ஆபீசில் மேனேஜர், செயலாளர் அவருக்குக் கீழே, பொருளாளர் பக்கத்து மேசை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ரசீது எங்கே என்று கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை அவர் கையில் லீவு பாரத்தை யார் நீட்டுவார்?

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் குலுக்கலை நம்புகிறது. முன்வந்தவர்களிலிருந்து 10 பேரைக் குலுக்கி எடுப்பார்கள், அவர்கள்தான் தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பார்கள். லாட்டரி முடிவுகள் போல யாரும் கைவைக்க முடியாத எண்களை முன்கூட்டியே அறிவித்துக் குலுக்குகிற முறை அது. நம்மூர் நாலு நம்பர் லாட்டரிக்கும் இப்படியொரு கௌரவம் கிடைக்கலாம்! உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வருகிறதா? அங்கே கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. ஐஇடிஎஃப் பத்துப் பேரும் பேசுவது ரகசியம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரசாரமும் கோஷ்டியும் குறையும், உண்மை. ஆனால் ஏன் இவர், ஏன் அவரில்லை என்பது வெளியே தெரியாது.

முப்பது நாற்பது பேர் உள்ள பினாங்குக் குழுவென்றால் என் ஓட்டு டெபியனின் ஓராண்டுப் பதவிக்கும் ‘எவரும் வேண்டாம்’ கட்டத்துக்கும். பைத்தானின் நிறுவன வரம்பும் கட்டாயம். குலுக்கலைக் கணக்காய்வாளர் இருவரைத் தேர்ந்தெடுக்க வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் பதிவுக்கு மனுப்போடும் முன்பே சட்ட விதிகளில் எழுதிவிடுங்கள். பதிவான பிறகு ஒரு வரியை மாற்றவும் பதிவிலாகாவின் ஒப்புதல் வேண்டும்.